டோக்கியோவில் ஒரு நாள்: ஒரு தம்பதி, இரண்டு மத்ஹபுகள்



ஜப்பானுக்குச் சென்று திரும்பியதிலிருந்து உறவினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் இரண்டே. அங்கே ஹலால் உணவு கிடைக்கிறதா? தொழுவதற்கு இடம் உண்டா? இரண்டிற்கும் விடை, அல்ஹம்துலில்லாஹ், ஆம் என்பதே. தேடுவோருக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்த நாடு எங்களுக்கு வைத்த சோதனை இவ்விரண்டிலும் அடங்காதது.

எங்களுள் கணவர் கீழக்கரையைச் சேர்ந்தவர், ஷாஃபிஈ மத்ஹபு. மனைவி பள்ளப்பட்டியைச் சேர்ந்தவர், ஹனஃபி மத்ஹபு. சென்னையில் எட்டு ஆண்டுக் குடித்தனத்தில் இவ்வேறுபாடு பெரிதாகத் தலைகாட்டியதில்லை. ஃபஜ்ரில் ஒருவர் குனூத் ஓதுவார், மற்றவர் ஓதமாட்டார். நண்டு வாங்கும் ஞாயிறுகளில் அடுப்பில் இரண்டு சட்டிகள் ஏறும். அவ்வளவுதான். கடல் உணவே உணவாகவும், காலை முதல் நள்ளிரவு வரை ஓட்டமே சுற்றுலாவாகவும் உள்ள ஓர் ஊரில்தான், இரண்டு மத்ஹபுகளும் ஒரே பயணப் பையில் இருப்பது எங்களுக்குத் தெரியவந்தது.

நவம்பர் மாத இறுதி அது. டோக்கியோவில் எங்கள் தங்கல் மூன்று இரவுகள், அதன்பின் கியோத்தோ. இந்த மூன்று இரவுக் கணக்கு தற்செயலானதன்று. வந்த நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி, நான்கு முழு நாட்கள் ஓரிடத்தில் தங்க எண்ணம் கொண்டால் ஷாஃபிஈ மத்ஹபில் பயணச் சலுகை முடிந்துவிடுகிறது. ஹனஃபி மத்ஹபில் அந்த எல்லை பதினைந்து நாட்கள். ஆகவே இருவருமே பயணிகள். நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்குவதில் சிக்கல் இல்லை. சிக்கல் சேர்த்துத் தொழுவதில் இருந்தது. பயணத்தில் லுஹரையும் அஸரையும் ஒரே வேளையில் சேர்த்துத் தொழ ஷாஃபிஈ மத்ஹபு இடமளிக்கிறது. ஹனஃபி மத்ஹபிலோ, ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர, அந்த அனுமதி இல்லை. ஒவ்வொரு தொழுகையும் அதனதன் நேரத்திற்குள்.

அதற்குமேல் அந்த ஊரின் சூரியன் வேறு. டோக்கியோ தன் நேர மண்டலத்தின் கிழக்குப் பகுதியில் இருப்பதால் எல்லாமே முன்கூட்டி நடந்துவிடுகிறது. அன்று ஃபஜ்ர் ஏறத்தாழ 5 மணி, லுஹர் 11.30, மஃரிப் 4.30, இஷா 6 மணிக்குச் சற்று முன். அஸர்தான் இரண்டு: நிழல் ஒரு மடங்கு நீளும்போது தொடங்கும் ஷாஃபிஈ அஸர் 2.10க்கு, இரண்டு மடங்கு நீளும்போது தொடங்கும் ஹனஃபி அஸர் 2.50க்கு. (நண்பகல் நிழலைக் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கு. அந்தப் பருவத்தில் டோக்கியோவில் உச்சிப் பொழுதிலேயே ஒருவருடைய நிழல் அவர் உயரத்தில் ஒன்றரை மடங்கு கிடக்கிறது. மதறஸாவில் குச்சி நட்டுப் படித்த பாடம் அங்கேதான் கண்ணுக்குத் தெரிந்தது.)

பயணத் திட்டத்தை எழுதியவர் கணவர். அவருடைய தாளில் 11.30க்கு ஒரு பள்ளிவாசல், அங்கேயே லுஹரும் அஸரும், பிறகு மஃரிப் வரை தடையில்லாத ஐந்து மணி நேரம். மனைவி அந்தத் தாளைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "மச்சான், என்னோட அஸர் இதுல எங்க இருக்கு?"

இந்தக் கேள்விக்கு எளிய விடை ஒன்று எப்போதும் கையில் இருக்கிறது: "பயணம்தானே, நீயும் சேர்த்துத் தொழுதுகொள்." நெருக்கடி வேளையில் மற்றொரு மத்ஹபைப் பின்பற்ற வழியுண்டா, அதன் நிபந்தனைகள் என்ன என்பதெல்லாம் அறிஞர்கள் விரிவாகப் பேசியவை. ஆனால் ஊர் சுற்றிப் பார்ப்பதை நெருக்கடி என்று சொல்ல மனைவிக்கு மனம் வரவில்லை. கணவருக்கோ, தம் மத்ஹபு அளித்த சலுகையை ஏதோ குறைந்த பேணுதல் போலக் கருதிவிடுவார்களோ என்ற வருத்தம். புறப்படும் முன் இரவில் இதைப் பற்றி நாங்கள் பேசிய பேச்சு முழுவதும் இனிமையானது என்று சொல்ல முடியாது. பிறகு இரு ஊர் ஆலிம்களிடமும் தொலைபேசியில் கேட்டோம். அவர்கள் சொன்னவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, அன்றைய நாளின் நடுவே 2.40 என்ற ஒரு மணி எழுந்து நின்றது. அதைப் பிறகு சொல்கிறோம்.

காலை ஃபஜ்ரை விடுதி அறையில் தொழுதுவிட்டு, ஆறரை மணிக்கு அசாகுசாவின் தெருக்களில் இறங்கினோம். சென்சோஜி கோயிலின் முகப்பு வாயிலில் ஏறத்தாழ 700 கிலோ எடையுள்ள சிவப்பு விளக்கு தொங்குகிறது. உள்ளே கடைத்தெரு ஏறத்தாழ 250 மீட்டர். அந்நேரத்தில் கடைகள் திறக்கவில்லை; கூட்டமும் இல்லை. கி.பி. 628இல் இரு மீனவச் சகோதரர்கள் சுமிதா ஆற்றில் வலை வீசியபோது ஒரு சிலை அகப்பட்டதாகவும், அதிலிருந்து இக்கோயில் எழுந்ததாகவும் மரபுக்கதை. 628 என்றதும் எங்களுக்கு ஹிஜ்ரி 6 நினைவுக்கு வந்தது. ஹுதைபிய்யா உடன்படிக்கையின் ஆண்டு. இன்று நாம் காணும் பெரிய மண்டபம் பழையதன்று. 1945 மார்ச் 10 விமானத் தாக்குதலில் எரிந்துபோய், 1958இல் கான்கிரீட்டால் மீண்டும் கட்டப்பட்டது. முற்றத்தில் பெரிய தூபக் கலத்திலிருந்து எழும் புகையை முதியவர்கள் கைகளால் அள்ளித் தலையிலும் தோளிலும் தடவிக்கொள்கிறார்கள். குச்சியை உருவிக் குறிச்சீட்டுப் பார்க்கிறார்கள். நாங்கள் புகைக்கும் சீட்டுக்கும் எட்டி நின்றோம், மண்டபத்தினுள் ஏறவில்லை. கட்டடத்தையும் மக்களையும் பார்த்துவிட்டு ஆற்றங்கரைக்கு நடந்தோம். எதிர்க்கரையில் 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ கோபுரம் வெயிலில் நின்றது.

அசாகுசாவிலிருந்து உவேனோவுக்குச் செல்லும் சுரங்க ரயில் 1927இல் திறக்கப்பட்டது, ஆசியாவிலேயே முதலாவது. ஐந்து நிமிடப் பயணம். உவேனோ பூங்காவில் கின்கோ மரங்கள் முழு மஞ்சளாக நின்றன. அருங்காட்சியகத்தில் வாள்களைப் பார்ப்பதற்குள் பசி வந்துவிட்டது.

பசி எங்களைச் சுகிஜிக்கு அழைத்துச் சென்றது. மொத்த மீன் சந்தை 2018இல் தொயோசுவுக்கு இடம் பெயர்ந்துவிட்டாலும், வெளிச் சந்தையின் சந்துகள் அப்படியே இருக்கின்றன. நண்டுக் கால்களைக் கரியில் சுடுகிறார்கள். கணவாயைக் குச்சியில் கோக்கிறார்கள். ஆக்டோபஸ் துண்டை மாவுக்குள் பொதிந்து உருண்டையாக வார்க்கிறார்கள். பார்ப்பதற்கு நம் குழிப்பணியாரமேதான். கீழக்கரைக்காரருக்கு இது தாய்வீடு. ஷாஃபிஈ மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்கள் பெரும்பாலும் ஆகுமானவை. ஹனஃபி மத்ஹபில் மீன் மட்டுமே. நண்டு, கணவாய், ஆக்டோபஸ், சிப்பி எதுவும் கூடாது. இறாலில் மட்டும் ஹனஃபி அறிஞர்களிடையே இரு கருத்துகள் உண்டு. பள்ளப்பட்டி வீட்டில் அது இறங்கும்.

விந்தை என்னவென்றால், இருவருக்கும் ஆகுமான மீனில்தான் இருவருக்கும் பொதுவான தடை ஒளிந்திருந்தது. விலாங்கு மீன் வறுவலின் மணம் தெருவையே இழுத்தது. மீன் ஆகுமானது, ஆனால் அதன்மேல் பூசும் கருஞ்சாற்றில் மிரினும் சாகேயும் உண்டு. மிரின் என்பது சமையலுக்கான இனிப்பு அரிசி மது. உண்மையான மிரினில் ஏறத்தாழ 14 விழுக்காடு ஆல்கஹால். முட்டைச் சுருளிலும் அது சேரக்கூடும். சில கடைகளில் சூஷி சோற்றிலும் சேரும். ஆகவே ஜப்பானில் பன்றி இறைச்சியைத் தவிர்ப்பதைக் காட்டிலும், கண்ணுக்குத் தெரியாத இந்தச் சாறுகளைத் தவிர்ப்பதே கடினம். பன்றி, மது, மிரின், சாகே கூடாது என்று ஜப்பானிய மொழியில் அச்சிட்ட அட்டை ஒன்றை எடுத்துச் சென்றிருந்தோம். ஒரு கடைக்காரப் பெரியவர் அதை இருமுறை படித்து, சாற்றுக் குவளையைத் தள்ளி வைத்து, புதிய கம்பித்தட்டில் உப்பு மட்டும் தூவிச் சால்மன் துண்டைச் சுட்டுத் தந்தார். செல்வோருக்கு எங்கள் பரிந்துரை இதுதான்: சாறு வேண்டாம், உப்பு போதும்.

மனைவி சால்மனைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க நண்டு வாங்கிக்குங்க மச்சான், நான் பார்த்துக்கிட்டே சாப்பிடுறேன்" என்றார். கணவர் வாங்கவில்லை. முதலில் அது தியாகம் போலத் தோன்றியது. இரண்டு சந்து தாண்டியதும் அவர் முகம் வேறு கதை சொன்னது. "எனக்காக விட்டுட்டு, நாள் பூரா அதையே நினைச்சுக்கிட்டு வராதீங்க" என்று மனைவியே திருப்பி அழைத்துச் சென்று நண்டு வாங்கிக் கொடுத்தார். பொதுத் தட்டு என்றால் அதிகப் பேணுதல் உள்ளவரின் சட்டம். தனித் தட்டு என்றால் அவரவர் மத்ஹபு. அந்தச் சந்தில் பேசி முடித்த இந்த உடன்பாடு கியோத்தோவிலும் செல்லுபடியாயிற்று.

இனி அந்த 2.40. டோக்கியோ ரயில் நிலையத்தின் செங்கல் கட்டடம் 1914இல் எழுந்தது. அந்நிலையத்தில் ஒரு சிறிய தொழுகை அறை இருக்கிறது. 2017 முதல் உண்டு. பணியாளரிடம் கேட்டால் வழிகாட்டுகிறார்கள். உளூவுக்குக் காலைக் கழுவும் வசதி எல்லா இடங்களிலும் இராது. பொதுக் கழிப்பறையின் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைப்பது அங்குள்ளோரை மிகவும் சங்கடப்படுத்தும். ஆகவே இருவரும் தோல் காலுறை அணிந்திருந்தோம். பயணி மூன்று நாட்கள் வரை அதன்மேல் ஈரக்கையால் தடவிக்கொள்ளலாம் என்பதில் எங்கள் இரு மத்ஹபுகளும் ஒன்றே.

கணவர் லுஹரை அதன் நேரத்தில் தொழாமல், அஸருடன் சேர்த்துப் பிற்படுத்தித் தொழுவதாக முன்பே நிய்யத் வைத்திருந்தார். ஷாஃபிஈ மத்ஹபில் முற்படுத்திச் சேர்ப்பது போலவே பிற்படுத்திச் சேர்ப்பதும் உண்டு. மனைவிக்கோ 2.50 வரை லுஹருடைய நேரம் நீடிக்கிறது. லுஹரை அதன் கடைசி வேளையிலும் அஸரை அதன் முதல் வேளையிலும் தொழுதால், தோற்றத்தில் சேர்த்துத் தொழுவதாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் நேரத்திலேயே நிறைவேறிவிடும். ஆக 2.40க்குக் கணவர் இமாமாக நின்று லுஹர் இரண்டு ரக்அத். பிறகு அமர்ந்து திக்ரு செய்தபடி கடிகாரத்தைப் பார்த்தோம். ஓரிரு நிமிடம் கூடுதலாகவே விட்டு, 2.53க்கு அஸர் இரண்டு ரக்அத். ஒருவருக்கு அது சலுகை. மற்றவருக்கு உரிய நேரம். ஒரே ஜமாஅத். நாங்கள் ஆலிம்கள் அல்லர். இத்தகைய நிலை வருவோர் தத்தம் ஊர் ஆலிமிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். ஆனால் அந்தப் பதின்மூன்று நிமிடங்களுக்காக, இரண்டாம் முறை எந்தப் படகுச் சவாரிக்குப் பணம் கட்டச் சொன்னாலும் நாங்கள் கட்டுவதாக இல்லை.

அந்த இடைவெளியில்தான் கைப்பேசி ஒளிர்ந்தது. ஒரகடத்தில் மூன்று ஆண்டுகள் பணியாற்றிவிட்டுத் திரும்பிய ஜப்பானிய நண்பர், இரவு விருந்துக்கு இடம் அனுப்பியிருந்தார். பார்த்தால் அது இசகாயா. மதுவோடு சிறு உணவுகள் பரிமாறும் கடை. ஜப்பானில் அலுவலக உறவு நட்பாக மாறுவது பெரும்பாலும் அந்த மேசையில்தான். அழைத்தவர் அன்பினால் அழைத்திருக்கிறார். கணவருக்குத் தயக்கம்: "போய்ப் பழச்சாறு குடிச்சிட்டு வந்துடலாமா? மனசு நோகுமே." மதுச் சுற்றும் விரிப்பில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள், இதில் ஷாஃபிஈ, ஹனஃபி என்ற பேச்சுக்கே இடமில்லை. மனைவி சொன்ன சொற்கள் இவை: "மறுக்கிறதா இருந்தா வெறுமனே மறுக்காதீங்க. நாம அவரைக் கூப்பிடுவோம்." அப்படியே எழுதினோம். மது பரிமாறும் இடத்தில் எங்களால் அமர இயலாது. ஷின்-ஓகுபோவில் எங்கள் விருந்தாளியாக வாருங்கள். அரை மணி நேரம் பதில் இல்லை. சியோதா தடத்து ரயிலில் அந்த அரை மணியும் நாங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தோம். சுரங்கத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இராது என்பது வேறு விஷயம். பிறகு பதில் வந்தது: "பிரியாணி?"

யோயோகி-உவேஹாரா நிலையத்தை விட்டு வெளியே வந்தால், சற்று நடையில் டோக்கியோ ஜாமி பள்ளிவாசலின் மினாரா தெரிகிறது. ரஷ்யப் புரட்சிக்குப் பின் அகதிகளாக வந்த தாத்தாரிய முஸ்லிம்கள் 1938இல் எழுப்பிய பள்ளி இது. பழுதடைந்து 1986இல் இடிக்கப்பட்டு, துருக்கியின் உதவியோடு 2000இல் உஸ்மானியப் பாணியில் மீண்டும் திறக்கப்பட்டது. ஜப்பானின் முதல் பள்ளிவாசலோ கோபேயில், 1935இல். அதை எழுப்பியோரில் இந்திய முஸ்லிம் வணிகர்களும் இருந்தனர். டோக்கியோ ஜாமியின் குவிமாடத்தின் கீழ் மஃரிப் தொழுது, இஷா வரை அங்கேயே இருந்தோம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலான நேரத்தைச் சென்னையில் நாங்கள் எப்போது கடைசியாகப் பள்ளியில் கழித்தோம் என்று எண்ணிப் பார்த்தோம்; நினைவுக்கு வரவில்லை. இஷாவில் ஊர்வாசியான இமாமைப் பின்பற்றியதால் இருவருமே நான்கு ரக்அத் முழுமையாகத் தொழுதோம். இதிலும் இரு மத்ஹபுகளும் ஒன்றே.

வெளியே வந்தபோது மணி ஆறரைகூட ஆகவில்லை. ஐந்து வேளையும் முடிந்துவிட்டன! வித்ர் மட்டும் உறங்குமுன். கோடையில் சென்றிருந்தால் இஷாவே ஒன்பது மணியை ஒட்டித்தான் வரும். குளிர்காலப் பயணியின் கையில் ஒரு முழு இரவு மிச்சமாக இருக்கிறது. டோக்கியோவின் இரவு என்றதும் சிலர் புருவம் உயர்த்துகிறார்கள். மதுவையும் அதைச் சார்ந்தவற்றையும் கழித்த பின்னும் அந்த இரவில் நிறையவே எஞ்சுகிறது.

சிபுயாவில் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் மக்கள் கடக்கும் சந்திப்பை நான்கு முறை கடந்தோம். எந்த வேலையும் இல்லாமல், கடப்பதற்காகவே. யாரும் யாரையும் இடிக்கவில்லை. இறந்துபோன எசமானருக்காக 1925 முதல் பத்தாண்டு காலம் அந்த நிலையத்தில் காத்திருந்த ஹச்சிகோ என்ற நாயின் சிலை அருகில் இருக்கிறது. ஷின்ஜுகுவில் டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்தின் 45ஆம் தளத்தில், 202 மீட்டர் உயரத்தில், கட்டணமில்லாத காட்சிமாடம். கீழே கண்ணெட்டும் தூரம் வரை விளக்குகள். சுப்ஹானல்லாஹ் என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. அங்கிருந்து காபுகிச்சோ வழியாக நடந்தோம். கபுகி நாடக அரங்கு ஒன்று வரும் என்று பெயர் வைத்தார்களாம், அரங்கு வரவேயில்லை. வந்தவை மதுக்கூடங்களும், வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாக அழைப்போரும். அந்தத் தெருவைப் பற்றி எழுத அதிகமில்லை. இருவரும் கைகோத்தபடி விரைந்து கடந்தோம்.

ஒரு நிறுத்தம் தள்ளி ஷின்-ஓகுபோ. அங்குள்ள ஒரு சந்துக்கு ஊரார் வைத்த பெயரே இஸ்லாமியச் சந்து. ஹலால் இறைச்சிக் கடைகள், மசாலாப் பொடிகள், வங்காள, நேபாள முகங்கள், மாடியில் சிறு தொழுகைக் கூடம். ஒன்பது மணிக்கு நண்பர் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வந்து சேர்ந்தார். பிரியாணி வந்ததும் கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் உண்ணத் தொடங்கினார். "ஒரகடத்தில் கற்றது" என்றார். மது இல்லாததைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று பகல் முழுவதும் நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டபோது 2.40 கதையைச் சொன்னோம். நிழலின் நீளத்தைக் கொண்டு நேரம் கணிப்பது அவரை மிகவும் கவர்ந்தது. மேசைமேல் பற்குச்சியை நட்டுவைத்து விளக்கச் சொன்னார்.

பிறகு தம் வீட்டுக் கதையைச் சொன்னார். அவர் டோக்கியோக்காரர், மனைவி ஒசாகா. புத்தாண்டுக் காலை உண்ணும் சூப்பில் போடும் அரிசி அடை கிழக்கு ஜப்பானில் சதுரம், மேற்கில் வட்டம். மணமான முதல் ஆண்டு அதனாலேயே ஒரு சண்டையாம். இப்போது ஓர் ஆண்டு சதுரம், மறு ஆண்டு வட்டம். "எங்கள் வீட்டிலும் இரண்டு மத்ஹபு" என்று, புதிதாகக் கற்ற அந்தச் சொல்லை அழுத்தி உச்சரித்தார். தொழுகையை அப்படி ஆண்டு மாற்றி ஆண்டு வைத்துக்கொள்ள இயலாது என்று மனைவி விளக்க முற்பட, அவர் தலையசைத்தார்: "அதனால்தான் நீங்கள் நிமிடம் பார்க்கிறீர்கள்."

விடைபெறும்போது பத்தரை. நண்பர் எதிர்த் திசை ரயிலில் ஏறினார். எங்கள் பெட்டி முழுவதும் மேசைகளிலிருந்து திரும்புவோர். கோட்டணிந்த ஒருவர், மதுவாடை வீச, ஓரிரு நிலையங்களுக்குள் உறங்கிப்போய்க் கணவரின் தோளில் சாய்ந்துவிட்டார். மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எழுப்பிடவா?" என்று கேட்டார் கணவர், தோளை அசைக்காமல். "பாவம், உவேனோ வர்ற வரைக்கும் தூங்கட்டும்" என்றார் மனைவி.